கடைசிக்கும் கடைசி இருக்கை: 'தி வே வே பேக்' படத்தின் டங்கனை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கார் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் இருக்கையில் அம்மா தூங்குகிறார். நடு இருக்கையில் ஒரு பெண் தூங்குகிறாள். அதற்கும் பின்னால், டிக்கிப் பக்கம் பார்த்தபடி போட்டிருக்கும் இருக்கையில் 14 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து, கடந்துபோன சாலையையே பார்த்துக்கொண்டு வருகிறான். காரை ஓட்டுபவர் அம்மாவின் காதலர். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவருடைய கண்கள் மட்டும் தெரிகின்றன. 1 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொன்னால் உனக்கு நீ எத்தனை போட்டுக்கொள்வாய் என்று கேட்கிறார். பையன் தெரியாது என்கிறான். அவர் விடுவதாக இல்லை. வேறு வழியில்லாமல் 6 என்கிறான். என் கணக்கில் நீ 3 என்கிறார் அவர்.

கத்தவில்லை, திட்டவில்லை. ஏன் 3 என்பதற்கு விளக்கமும் தருகிறார். உன் அம்மாவுடன் பழக ஆரம்பித்த நாளிலிருந்து பார்க்கிறேன், நீ எதிலும் இறங்குவதில்லை. கடற்கரை வீட்டில் கோடை முழுக்க வாய்ப்பு கிடைக்கும், அந்த மதிப்பெண்ணை ஏற்றப் பார் என்கிற தோரணை. அதனால்தான் பையனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், அழலாம், அம்மாவை எழுப்பிச் சொல்லலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று வருகிற வார்த்தையை என்ன செய்வது?

'தி வே வே பேக்' படத்தின் முதல் காட்சி இது. 2013-இல் வந்த அமெரிக்கப் படம். நேட் ஃபாக்ஸன், ஜிம் ராஷ் இருவரும் சேர்ந்து எழுதி இயக்கியது. இயக்குநர்களாக இருவருக்கும் இதுவே முதல் படம். பழைய ஸ்டேஷன் வேகன் கார்களில் எல்லா வரிசையையும் தாண்டி, பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் இருக்கையைத்தான் தலைப்பு சொல்கிறது. கடைசிக்கும் கடைசி இருக்கை.

இந்தக் கதையை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஒதுங்கியே இருக்கும் ஒரு பையன், அவனுக்கு எந்த உறவும் இல்லாத ஒரு பெரியவர், ஒரே ஒரு கோடைக்காலம். அந்தப் பெரியவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார், பையனிடம் உண்மையில் என்ன மாறியது? பெற்றோராக இல்லாமல் பிள்ளைகளோடு பழகுகிற எவரும் – விளையாட்டுப் பயிற்சியாளர், ஆசிரியர், கடை முதலாளி – இதை ஒருமுறையாவது உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த 3 எங்கிருந்து வந்தது

கற்பனை இல்லை. ஜிம் ராஷுக்கு 14 வயதாக இருந்தபோது, கோடை விடுமுறைக்கு மிச்சிகன் போகும் வழியில், காரில் வைத்து அவருடைய மாற்றாந்தந்தை இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். ராஷ் 6 என்றிருக்கிறார். அவர் 3 என்றிருக்கிறார். ராஷ் பிறந்தது 1971-இல். அப்படியென்றால் அந்தப் பேச்சு நடந்தது 1980-களின் நடுவில். கிட்டத்தட்ட நடந்ததை நடந்தபடியே எழுதியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் திரைக்கு வரும்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஒரு நிமிடப் பேச்சு. சொன்னவர் அன்று மாலையே மறந்திருக்கக்கூடும். கேட்டவர் கால் நூற்றாண்டுக்கு மேல் மனத்தில் வைத்திருந்திருக்கிறார்.

எழுதிய பிறகும் உடனே படமாகவில்லை. படமாகாத திரைக்கதைகளில் தங்களுக்குப் பிடித்தவற்றை ஹாலிவுட்காரர்களே வாக்களித்துத் தொகுக்கும் பிளாக் லிஸ்ட் பட்டியலில் 2007-லேயே இது இடம்பிடித்தது. இடையில் அலெக்சாண்டர் பெய்னுடன் சேர்ந்து இவர்கள் எழுதிய 'தி டிசென்டன்ட்ஸ்' 2012-இல் தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கியது. அந்தக் கோடையிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஈஸ்ட் வேர்ஹாமில் இருக்கும் வாட்டர் விஸ் என்ற நிஜமான வாட்டர் பார்க்கில் படப்பிடிப்பு. 2013 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் திரையிட்டார்கள். ஃபாக்ஸ் சர்ச்லைட் கிட்டத்தட்ட 1 கோடி டாலருக்கு வாங்கி, ஜூலையில் வெளியிட்டது. வியாபாரக் கதை இவ்வளவு போதும்.

வீட்டுக்குள்

டங்கனின் (லியாம் ஜேம்ஸ்) அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா நாட்டின் மறுகோடியில், சான் டியாகோவில் இருக்கிறார். அவரிடம் போய்விட வேண்டும் என்பதுதான் டங்கனின் ஒரே ஆசை. அம்மா பேம் (டோனி கொலெட்) தனக்கென்று மறுபடி ஒரு குடும்பத்தைக் கட்டிவிடத் தவிக்கிறார். அம்மாவின் காதலர் ட்ரெண்டுக்கு (ஸ்டீவ் கரெல்) ஒரு மகள், ஒரு கடற்கரை வீடு, கோடைதோறும் அங்கே கூடும் நண்பர் வட்டம். அந்த வட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். டங்கனுக்கு யாரையும் தெரியாது. ட்ரெண்டின் மகள் அவனைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

ட்ரெண்டை ஒரு வில்லனாகப் பார்த்தால் இந்த நிகழ்வு புரியாது. அவர் அடிப்பதில்லை, வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. குடும்பம், நம்பிக்கை, மரியாதை என்று நல்ல நல்ல வார்த்தைகளாகத்தான் பேசுகிறார். சிரிக்க வைத்தே பழக்கப்பட்ட கரெலை இந்த வேடத்துக்குப் பிடித்தது அருமையான யோசனை. அந்த முகத்தில் கடுமையைத் தேடினால் கிடைக்காது. அக்கறை போலவே இருக்கும்.

இரண்டு சின்னக் காட்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது, படகில் போகும் காட்சி. பெரியவர்கள் எல்லோரும் காற்று வாங்கிக்கொண்டு சாதாரணமாக இருக்கிறார்கள். டங்கனை மட்டும் லைஃப் ஜாக்கெட் போட வைக்கிறார் ட்ரெண்ட். பாதுகாப்புக்குத்தானே, யார் மறுத்துப் பேசுவது? தடிமனான அந்த ஜாக்கெட்டுக்குள் கழுத்து புதைந்து, கை இரண்டும் இறகு மாதிரி விலகி நிற்க, அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது. படகில் இருப்பவர்களில் யார் குழந்தை, யார் ஆள் என்று ஒரே உடுப்பில் பிரித்துவிட்டார்.

இரண்டாவது, வீட்டுக்குள் எல்லோரும் உட்கார்ந்து கேண்டி லேண்ட் ஆடும் காட்சி. சின்னக் குழந்தைகளுக்கான பலகை விளையாட்டு அது. விதிகளை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று ட்ரெண்ட் பிடிவாதம் பிடிக்க, விளையாட்டு சண்டையில் போய் நிற்கிறது. அந்த விளையாட்டைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று உறைக்கும். கேண்டி லேண்டில் ஆடுபவர் தானாக முடிவெடுப்பதற்கு எதுவுமே இல்லை. சீட்டை எடுக்க வேண்டும், அதில் உள்ள நிறத்துக்கு நகர வேண்டும், அவ்வளவுதான். சீட்டைக் கலைத்து வைத்த நொடியிலேயே யார் ஜெயிப்பார் என்பது முடிவாகிவிடுகிறது. யாருக்கும் தேர்வு செய்ய எதுவுமே இல்லாத ஓர் ஆட்டத்தில் விதிக்காக ஒரு மனிதர் மல்லுக்கட்டுகிறார். அந்த வீடு எப்படிப்பட்டது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பூங்காவில்

வாட்டர் விஸ் பார்க்கை நடத்தும் ஓவெனை (சாம் ராக்வெல்) டங்கன் சந்திப்பதும் ஒரு விளையாட்டின் முன்னால்தான். பீட்சா கடையில் ஓவென் பேக்-மேன் ஆடிக்கொண்டிருக்கிறார். டங்கன் ஓரமாக நின்று பார்க்கிறான். 1980-இல் வந்த அந்த விளையாட்டில் துரத்தி வரும் பேய்கள் தற்செயலாக நகர்வதில்லை. நாம் ஒரே மாதிரி நகர்ந்தால் அவையும் ஒரே மாதிரிதான் நகரும். அதனால் வழித்தடங்களை மனப்பாடம் செய்து மணிக்கணக்கில் ஆடியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். ஓவென் அப்படி ஆடுவதில்லை. தடமெல்லாம் வேண்டாம், தன் வழியில்தான் போவேன் என்கிறார். அப்புறம் ஆட்டத்தைப் பாதியிலேயே முன்பின் தெரியாத அந்தப் பையன் கையில் விட்டுவிட்டுக் கிளம்புகிறார்.

படம் நெடுகிலும் ஓவென் செய்வது இதைத்தான். தன் கையில் இருக்கும் ஒன்றைப் பாதியில் டங்கனிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

கராஜில் கிடந்த, சின்னப் பெண்கள் ஓட்டுகிற ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு டங்கன் ஊர் சுற்றப் போகிறான். வாட்டர் விஸ் கண்ணில் படுகிறது. உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். சுற்றிலும் நனைந்த பிள்ளைகளின் கூச்சல். அவன் மட்டும் காய்ந்து கிடக்கிறான். ஓவென் வந்து, முகத்தை மிகவும் இறுக்கமாக வைத்துக்கொண்டு, நீ அளவுக்கு மீறிக் கும்மாளம் போடுகிறாய், மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிறார். டங்கன் எழுந்து போகத் தயாராகிவிடுகிறான். வெளியே போ என்றால் போய்விட வேண்டும் என்றுதான் அவனுக்கு இதுவரை தெரியும். கேலி என்பதே அவனுக்கு எட்டவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான பெரியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். பையன் புண்பட்டுவிட்டான் என்று பதறி, குரலைத் தாழ்த்தி, என்ன தம்பி வருத்தம் என்று தோளில் கை போடுவார்கள். இல்லையென்றால், இதுகூடப் புரியாதா என்று விட்டுவிடுவார்கள். ஓவென் இரண்டையும் செய்யவில்லை. மறுபடி மறுபடி அதே மாதிரி பேசுகிறார், வேகத்தைக் குறைக்காமல். தன்னால் பிடித்துக்கொள்ள முடியும் என்று நம்பி ஒருவர் பந்தை வீசிக்கொண்டே இருப்பது 14 வயதில் எவ்வளவு பெரிய மரியாதை! டங்கன் மெதுமெதுவாகத்தான் பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். படத்தின் பின்பாதியில் ஓவெனுக்கே அவன் பதிலுக்குப் பதில் பேசும்போது நமக்கு ஏற்படும் நிறைவு அந்தப் பொறுமையின் பலன்.

அடுத்தது வேலை. ஓவென் அவனுக்கு அறிவுரை வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. பார்க்கில் ஒரு வேலை போட்டுக்கொடுக்கிறார். எடுபிடி வேலைதான், ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலை. அவன் வராவிட்டால் ஓர் ஆள் குறையும். வீட்டில் அவன் இல்லாத பொழுதுகளை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை; இங்கே நேரத்துக்கு வர வேண்டும்.

அட்டைக் காட்சி இந்த ஆய்வின் மையம். தரையில் அட்டையை விரித்து இளைஞர்கள் சிலர் பிரேக் டான்ஸ் ஆட, சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. போய் அந்த அட்டையை வாங்கி வா என்று டங்கனை அனுப்புகிறார் ஓவென். பையன் போகிறான். என்ன சொல்வது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறான். அட்டை வேண்டுமென்றால் நீ ஆடு என்கிறார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள். இந்த மாதிரிக் காட்சியில் மற்ற படங்கள் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்: பையனுக்குள் ஒளிந்திருந்த திறமை திடீரென்று வெளியே குதிக்கும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. டங்கனுக்கு ஆட வராது. மரப்பாச்சி மாதிரி கையையும் காலையும் அசைக்கிறான், அவ்வளவுதான். ஆனால் ஆடிவிடுகிறான். கூட்டம் கைதட்டுகிறது, பட்டப்பெயர் ஒன்று வைக்கிறது, அட்டை அவன் கைக்கு வருகிறது. அன்றிலிருந்து பார்க்கில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு.

ஆட்டம் நன்றாக இருந்ததா என்று ஓவென் கணிப்பதே இல்லை, கவனித்தீர்களா? முழுப் படத்திலும் அவர் டங்கனுக்கு மதிப்பெண் போடுவதில்லை. வீட்டில் ஒருவர் 3 என்றார். இங்கே ஒருவர் வந்து இல்லையில்லை, நீ 9, நீ 10 என்று சொல்லியிருந்தால் பார்ப்பவர்களுக்கு இனித்திருக்கும், பையனுக்கு உதவியிருக்காது. இன்னொருவர் கையில் அளவுகோல் இருக்கும்வரை அந்த 10-ஐ நாளைக்கு வேறொருவர் குறைக்கலாம். ஓவென் அளவுகோலையே கையில் எடுக்கவில்லை. வழிகாட்டிகள் என்று நாம் மெச்சுகிற பலர் பாராட்டில்தான் பிள்ளையைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது பாராட்டு அல்ல, கணக்குப் பார்க்காத ஓர் இடம்.

லியாம் ஜேம்ஸின் தோள்களைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தின் தொடக்கத்தில் அவை காதை நோக்கி ஏறி, முன்னால் வளைந்து இருக்கும். நடக்கும்போது கைகள் உடம்போடு ஒட்டியே வரும். பார்க்கில் நாட்கள் போகப் போக அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறது. எந்த ஒரு காட்சியிலும் இதோ மாறிவிட்டான் என்று சுட்டிக்காட்ட முடியாது. வீட்டு வாசலை மிதித்ததும் தோள் பழையபடி ஏறிவிடுவதையும் அந்தப் பையன் நடித்திருக்கிறான். அவனைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஓவென் தவறிய இடங்கள்

நல்ல வழிகாட்டி என்பதற்காக அவரைக் குறையில்லாதவராக எழுதினால் ஆய்வு பொய்யாகிவிடும்.

சறுக்கின் உச்சியில் வேலை பார்க்கும் ராடி, நீச்சல் உடையில் வரும் பெண்களை வேண்டுமென்றே காத்திருக்க வைத்துப் பார்த்து ரசிப்பார். அந்த வேடத்தில் நடித்திருப்பது இயக்குநர் ஃபாக்ஸனே. டங்கனுக்கு இதுவும் ஒரு தொழில் நுணுக்கம் போலக் காட்டப்படுகிறது; படம் இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறது. என்னால் கடக்க முடியவில்லை. தன்னைப் பிறர் எடைபோட்டதில் நொந்துபோன பையனுக்கு, பிறரை எடைபோடக் கற்றுக்கொடுக்கிறார்கள். படத்தின் மொத்த நோக்கத்துக்கும் எதிரானது இது. இயக்குநர்கள் அதைக் கவனிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாவது குறை பெரியது. டங்கன் பார்க்கில் வேலை செய்வது வீட்டில் யாருக்கும் தெரியாது. மாசசூசெட்ஸில் 14 வயதுப் பிள்ளை வேலைக்குச் சேரலாம். ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும், இந்த வயதில் அதற்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்தும் வேண்டும். கதைக்கு அந்த ரகசியம் தேவைப்பட்டது. அது அவனுக்கே சொந்தமான ஒரே இடம் என்பதால்தான் அந்த இடத்துக்கு அத்தனை பலம். நிஜ வாழ்க்கையில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு வீட்டுக்குத் தெரியாமல் கோடை முழுக்கப் பழகுவதை யாருமே ஏற்க மாட்டோம், ஏற்கவும் கூடாது. ஓவென் நல்லவர் என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் நாம் படம் பார்க்கிறோம். பேமுக்கு அது தெரிய வழியே இல்லை.

கெய்ட்லின் (மாயா ருடால்ஃப்) பாத்திரம் இங்கே முக்கியமாகிறது. ஓவெனோடு பார்க்கை நடத்துகிறவர். எதையும் பொறுப்போடு எடுத்துக்கொள்ளாத ஓவெனால் அவர் சலித்துப் போயிருக்கிறார், அந்தச் சலிப்பு நியாயமானது. ஓவெனும் வளராமல் நின்றுபோன ஒரு பையன்தான். தன்னை நம்பி ஒருவன் தினமும் சைக்கிளில் வருகிறான் என்ற உண்மை அவரையும் கொஞ்சம் நிமிர்த்துகிறது.

அந்த இரவு

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 கொண்டாட்டத்தில் ட்ரெண்டும் நண்பரின் மனைவி ஜோனும் நெருக்கமாக இருப்பதை டங்கன் பார்த்துவிடுகிறான். அம்மாவுக்கும் சந்தேகம் இருக்கிறது, ஆனால் அதை எடுத்துப் பேச அவருக்குத் துணிவில்லை. டங்கன் வாயைத் திறக்கிறான். படம் முழுக்க முனகிக்கொண்டிருந்தவன் அன்று எல்லோர் முன்னாலும் சத்தமாகப் பேசுகிறான். பதிலுக்கு ட்ரெண்ட் எடுத்து வீசுவது, உன் அப்பாவுக்கு நீ வேண்டாம் என்ற செய்தி. அம்மா அதை மறுக்கவில்லை. பையனின் கடைசி வாசலும் அடைபடுகிறது.

பக்கத்து வீட்டு சுசானாவிடம் (அன்னசோஃபியா ராப்) போகிறான், முத்தமிடப் பார்க்கிறான், அவள் விலகுகிறாள். அதன் பிறகு அவளுடைய தம்பி பீட்டரையும் கூட்டிக்கொண்டு பார்க்குக்கு ஓடுகிறான். அங்கே லூயிஸ் என்ற ஊழியருக்கு வழியனுப்பு விழா நடக்கிறது. அந்த வேடத்தில் நடித்திருப்பவர் ஜிம் ராஷ். தன் 14 வயதுக் காயத்தைச் சுமக்கும் பையனின் பக்கத்தில், வேறொரு ஆளாக, அவர் நின்றுகொண்டிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

விடிந்ததும் ஓவென் அவனை வீட்டுக்குப் போகச் சொல்கிறார். டங்கன் போக மாட்டேன் என்கிறான். அப்போதுதான் அந்த 3 வெளியே வருகிறது. கோடை முழுக்கப் பக்கத்திலேயே இருந்தும் ஓவென் ஒருமுறைகூட வீட்டைப் பற்றித் துருவிக் கேட்டதில்லை. பையன் தானாகச் சொல்கிறான். ஓவென் சொல்லும் பதில் சில வரிகள்தான்: அது அந்த மனுஷனைப் பற்றிய விஷயம், உன்னைப் பற்றியதே இல்லை.

முதல் நாளே, பீட்சா கடையில், இதே வரியைச் சொல்லியிருந்தால் டங்கன் அதை நம்பியிருப்பானா? மாட்டான் என்றுதான் சொல்வேன். ஒரு சொல் பலிக்க அதற்கு முன்னால் எத்தனை நாள் சேர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், எத்தனை மொக்கை ஜோக்கைச் சகித்திருக்க வேண்டும் என்பதைப் படம் நேர்மையாகக் காட்டுகிறது.

ஒரு கோடை போதுமா

படத்துக்கு வெளியே, உண்மையான பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தவற்றோடு இதை ஒப்பிட வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, உடைந்த குடும்பம், பெற்றோரின் மனநலக் குறைபாடு என்று பல சுமைகள் சேர்ந்த சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாகத் தென்பட்டவற்றில் ஒன்று, அக்கறையும் நிதானமும் உள்ள ஒரு பெரியவரின் நிலையான துணை. பல பேருக்கு அது பெற்றோராக இல்லை. தாத்தா பாட்டி, ஆசிரியர், அக்கம்பக்கத்தார் என்று யாரோ ஒருவர்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பு மூலம் வழிகாட்டி கிடைத்த பிள்ளைகளின் தரவுகளை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். உறவு ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. இன்னொருவரும் என்னை விட்டுப் போய்விட்டார் என்று அந்த வயதில் தோன்றுவது இயல்புதானே.

ஒரு கோடை என்பது அதே மூன்று மாதக் கணக்குதான். அப்படியானால் டங்கன் ஊர் திரும்பிய பிறகு விழுந்துவிடுவானா? என் கணிப்பில் இந்த நிகழ்வு வேறுபடும் இடம் பிரிவு நடந்த விதம். ஓவென் காணாமல் போகவில்லை. கோடை முடிந்தால் போக வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே இருவருக்கும் தெரியும். போவதற்கு முன்னால் டங்கன் தானாகத் திரும்பி ஓடிவந்து விடைபெறுகிறான். கைவிடப்படுவதற்கும் விடைபெறுவதற்கும் நடுவில் மலையளவு தூரம் இருக்கிறது. அப்பாவிடம் அவனுக்குக் கிடைக்காதது அந்த விடைபெறல்தான்.

குழாய்க்குள்

குடும்பம் ஊருக்குக் கிளம்புகிறது. வழியில் பெட்ரோல் போட நிறுத்துகிறார்கள், பார்க் பக்கத்தில்தான் இருக்கிறது. டங்கன் காரிலிருந்து குதித்து ஓடுகிறான். மற்றவர்கள் பின்னால் ஓடிவருகிறார்கள்.

வாட்டர் விஸ் பிள்ளைகளிடம் ஒரு கதை உலவுகிறது. மூடிய குழாய்ச் சறுக்கில் முன்னால் போகிறவரைப் பின்னால் வருபவர் தாண்ட முடியுமா? யாரோ ஒருவர் தாண்டியிருக்கிறாராம். பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் ஓவென் அதற்கு ஒரு புதுக் கதை கட்டிவிடுவார். டங்கன் பீட்டரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறுகிறான். முதலில் பீட்டர், பின்னால் டங்கன். கீழே காத்திருப்பவர்களின் முன்னால், குழாயின் வாயிலிருந்து முதலில் வந்து விழுவது டங்கன்.

உள்ளே என்ன நடந்தது, எப்படித் தாண்டினான் என்பது வெளியே நின்றவர்களில் யாருக்கும் தெரியாது. அதற்கு மதிப்பெண் போட வழியில்லை.

நனைந்தபடி வந்து ஓவெனை அம்மாவுக்கு அறிமுகப்படுத்துகிறான். மகனுக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருந்தது பேமுக்கு அந்த நிமிடம்தான் தெரிகிறது. ஊழியர்கள், சிறுவர்கள் எல்லோரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அவர் வாய் பேசாமல் பார்க்கிறார். ட்ரெண்ட் பையனை இழுத்துப் போக நெருங்கும்போது ஓவென் குறுக்கே வந்து, டங்கனின் நண்பன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். மிரட்டல் இல்லை, வாக்குவாதம் இல்லை. வழிகாட்டி, குரு, ஆசான் என்று அவர் தன்னை எங்கும் அழைத்துக்கொள்வதில்லை என்பதும் என் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்ட விஷயம்.

பிறகு அதே கார், அதே இருக்கைகள். டங்கன் பழையபடி பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். கார் கிளம்புகிறது. கொஞ்ச தூரத்தில் முன் இருக்கையில் ஏதோ அசைகிறது. பேம் எழுந்து, நடு இருக்கையைத் தாண்டி, முழங்காலை இடித்துக்கொண்டு பின்னால் ஏறி வருகிறார். என்ன செய்கிறாய் என்று ட்ரெண்ட் முன்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் இல்லை. அம்மா வந்து மகன் பக்கத்தில் உட்காருகிறார், அந்தக் கடைசிக்கும் கடைசி இருக்கையில். இருவரும் பின்னால் போகிற சாலையைப் பார்க்கிறார்கள். முதல் காட்சியில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், இப்போது விழித்திருக்கிறார்.